எடைச் சீட்டு

குழாய் வறண்டு ஆறாம் நாள்.
தண்ணீர் லோரி காலை பத்துக்கு வரும்.
பத்துக்கு நான் ஆலையில், எடை மேடையில்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை
உள்ளே வரும்போது ஒருமுறை
காலியாகப் போகும்போது ஒருமுறை
நிறுத்துக்கொண்டிருப்பேன்.
பெரியதில் சிறியதைக் கழித்தால் பழம்.
பதினோரு வருடமாக
எனக்குச் சோறு போடும் கணக்கு இது ஒன்றுதான்.

நேற்று ஒரு பழைய சீட்டின் பின்பக்கம்
கூரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இருபதடி அகலம், நாற்பதடி நீளம்,
ஓர் அங்குல மழை.
மூன்று தடவை சரிபார்த்தேன்.
கிட்டத்தட்ட இரண்டு டன்.

இரண்டு டன்!
தோட்டத்து லயத்தை இடித்து
இந்தத் தாமானில் சாவி கொடுத்த நாளிலிருந்து
மழைக்கு இரண்டு டன், மழைக்கு இரண்டு டன்,
யார் கையெழுத்தும் இல்லாமல்
கேட்டைத் தாண்டிக் கால்வாயில் இறங்கியிருக்கிறது.
நானோ வாளியோடு வரிசையில்,
முன்னால் நிற்பவளின் வாளி
என்னுடையதைவிடப் பெரிதா என்று முறைத்துக்கொண்டு.

லிம் கடையில் பீலி, துண்டு பதினெட்டு வெள்ளி.
பின்பாதிக் கூரைக்குத்தான் பணம் எட்டியது.
சரி, ஒரு டன்.
தோங் இரண்டு, சோயா சாஸ் வாசம் இன்னும் போகவில்லை.
ஏணியில் குணாளன்,
கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றது நான்.
சாய்வு எந்தப் பக்கம் என்று
கட்டியவரும் பார்க்கவில்லை, கட்டினவளும் பார்க்கவில்லை.

அன்றிரவே பெய்தது.
தகரம் போட்ட சத்தத்தில்
டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
என் தோங்கில் ஒரு தவளை நனையும் அளவு;
வேலிக்கு அந்தப் பக்கம்
ஜைத்தோன் அக்காவின் சமையலறைப் படியில்
என் ஒரு டன் கொட்டிக்கொண்டிருந்தது.

சண்டைக்கு வருவாள் என்று நின்றேன்.
வந்தாள்.
பேரப்பிள்ளை குளிக்கிற பேசின் கையில்,
ரெண்டாங் சட்டியோடு மகன் பின்னால்.
"நிற்காதே, பிடி!" என்றாள் மலாயில்.

முதல் தண்ணீர் கறுப்பு.
ஒரு மாதமாகக் கூரையில் இறங்கிய ஆலைக்கரி,
பேசினில் மையாகச் சுழன்றது.
அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.
பையின் மேல் ஆலையின் பெயர் தைத்த சட்டை,
மாற்ற மறந்திருந்தேன்.
"இது கழிவறைக்கு" என்று மட்டும் சொன்னாள்.
பத்து நிமிடம் கழித்துத்தான்
தண்ணீருக்குத் தண்ணீர் நிறம் வந்தது.

இப்போது பீலி நடுவில் சாய்கிறது,
ஆளுக்கொரு தோங்.
முதல் பத்து நிமிடம் கால்வாய்க்கு,
அதற்கொரு மூடி, அதைத் திறக்க மறந்து இரண்டு திட்டு.
வாயில் அவளுடைய பழைய பட்டிக் சாரோங்.
சுகாதார இலாகா ஆள் வந்து
டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடினார்.
சாரோங்கை மறுபடி கட்டிவிட்டுத்தான் போனார்.
முடிச்சு சரியில்லை.

குழாய் ஒன்பதாம் நாள் திரும்பியது,
இருமிக்கொண்டு, செம்மண்ணைத் துப்பிக்கொண்டு.
பில் மட்டும் தேதி தவறாமல் வந்திருந்தது.

இன்று ஆலையில் மழை. லோரி ஒன்றும் இல்லை.
எடை மேடை தனியாக நனைந்தது.
திரையில் எண் தானாக ஏறியது.
இருபது கிலோ. நாற்பது.
பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும், அதுதான் விதி.
நான் ஒரு சீட்டைக் கிழித்தேன்.
வண்டி எண்: கோடு.
ஓட்டுநர்: கோடு.
உள் எடை: நாற்பது.
சரக்கு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

கேட்டில் ஹாரன்.
சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்,
பூச்சியத்தை அழுத்தினேன்.